அண்ணன் எடுத்துவிட்ட கரகரப்பு

அண்ணன் தெரியாமல் செய்துவிட்டார் என்றுதான் எங்கள் வீட்டில் எல்லோரும் நம்பினார்கள். அம்மா நம்பினார். அண்ணி நம்பினார். ஏறக்குறைய இரண்டு மாதம் நானும் நம்பினேன்.

ஒலிபெருக்கித் தொழிலில் ஊறியவர், தங்கையின் ஆம்ப்ளிஃபையர் கரகரவென்று ஒலிப்பதைக் கேட்டார். பழுது என்று நினைத்தார். பாசத்தோடு திறந்து சரிசெய்து கொடுத்தார். கரகரப்பதற்காகவே வாங்கப்பட்ட பெட்டி அது என்பது, பாவம், அவருக்குத் தெரியவில்லை. குடும்பத்தில் வழங்கும் கதை இது.

சொன்னால் சிரிப்பு வரும் கதைதான். அண்மையில் ஒரு வளைகாப்புப் பந்தியில் சித்தப்பா மகன் இதை நடித்தே காட்டினான். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் இலையோரம் கையை ஊன்றிக்கொண்டு சிரித்தார்கள். எனக்கு எதிர்வரிசையில் உட்கார்ந்திருந்த அண்ணனும் சிரித்தார். நான் மோர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

அந்த எதிர்வரிசைச் சிரிப்புக்காகத்தான் இந்த வாரம் இதை எழுதுகிறேன்.

கிடங்கில் ஒரு சனிக்கிழமை

என் தங்கை மலர்விழியை இந்தத் தொடரில் முன்பே சந்தித்தவர்கள் இருப்பீர்கள். சந்திக்காதவர்களுக்காகச் சொல்கிறேன். என்னைவிட ஒன்பது வயது இளையவள். கொல்லிமலையில் வீடு வீடாக நடந்து மின்மீட்டர் கணக்கெடுக்கும் வேலை. நான் மலைமேல் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்தாளுநர். இருவரும் ஒரே குடியிருப்பில் இருக்கிறோம். மற்ற நேரங்களில் மலர் மின்கிதார் வாசிப்பாள். அதில் ஹெவி மெட்டல் என்னும் முரட்டு ராக் இசை மட்டுமே வாசிப்பாள்.

அவளோடு டிரம்ஸ் வாசித்தவள் ஸ்டெல்லா. எங்கள் சுகாதார நிலையத்தின் செவிலி, திருநெல்வேலிப் பக்கத்துப் பெண், சிறுவயதில் சர்ச் பாடகர் குழுவில் டிரம்ஸ் பழகியவள். இரண்டே பேர்தான் அந்தக் குழு. மலையில் எடப்புளி நாடு என்னும் ஊர்ப்பகுதியில் ஒருவர் தம் மரவள்ளிக் கிழங்குக் கிடங்கை வாடகை வாங்காமல் அவர்களுக்கு விட்டிருந்தார். தகரக் கூரை, மூன்று சுவரோரமும் சாக்கு மூட்டைகள், வாசலில் பாயில் மிளகு காயும். சாக்கு மூட்டைகள் எதிரொலியை விழுங்கிவிடும் என்று மலர் அந்த இடத்தை மிகவும் மெச்சிக்கொள்வாள்.

அந்தச் சனிக்கிழமை மதியம் அண்ணன் தம் வேனில் மலையேறி வந்தார். மலையில் ஒரு காதுகுத்துக்கு ஒலிபெருக்கி கட்ட வந்தவர், மலர் புதிதாக வாங்கிய ஆம்பையும் கொண்டுவந்தார். வேனின் முன் இருக்கையில் பழைய போர்வையில் சுற்றி வைத்திருந்தார். இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கி வந்து கிடங்கின் நடுவில் இறக்கினார். தோள் துண்டால் அதன் மேற்புறத்தைத் துடைத்தார்.

"வாசி கண்ணு. அண்ணன் ஒரு வேலை பண்ணியிருக்கறேன். கேட்டுட்டுச் சொல்லு" என்றார்.

மலர் ஒயரைச் செருகி, உள்ளே இருக்கும் கண்ணாடி வால்வுகள் சூடேறும்வரை நின்று, தடித்த கம்பியை ஓர் அடி அடித்தாள்.

தெளிவான, இனிமையான, கண்ணாடி டம்ளரைத் தட்டியது போன்ற ஒரு நாதம் வந்தது.

மலர் குனிந்து, கரகரப்பைக் கூட்டும் கெயின் திருகைப் பார்த்தாள். அதைக் கடைசிவரை திருகினாள். மறுபடி அடித்தாள். நாதம் சற்றுப் பெரிதாயிற்று. இனிமை குறையவில்லை.

ஸ்டெல்லா டிரம்ஸுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். "ஏட்டி, இது என்ன, பெட்டி கும்பிடு போடுது?"

அண்ணன் முகமெல்லாம் மலர்ச்சியாக நின்றார். "கரகரன்னு கிழிஞ்சுட்டுக் கெடந்துது பாரு, அதை எடுத்துட்டேன். இப்பக் கேளு, தண்ணியாட்டம் இருக்குது."

"எதை எடுத்தீங்ணா?" மலரின் குரல் மிகத் தாழ்ந்திருந்தது.

"உள்ளார ஆறேழு பார்ட்டு வீக்கு. கழட்டிட்டு நேரா ஒயரக் குடுத்துட்டேன்."

"அந்தப் பார்ட்டெல்லாம் எங்கீங்ணா?"

"தூக்கிப் போட்டுட்டேன் சாமி. கெட்டதை வெச்சு என்ன பண்றது?"

அந்தக் கடைசி வாக்கியம் என் காதிலும் விழுந்தது. எங்கள் வீட்டில் பிறந்து வளர்ந்தவள் அதை அப்போதே பிடித்திருக்க வேண்டும். நான் பிடிக்கவில்லை.

ஏன் அந்தப் பெட்டி

மெட்டலுக்கு வேண்டிய ஆம்ப் எது என்று மலர் கடைக்குப் போவதற்கு முன்பே ஓராண்டு யோசித்திருந்தாள். அவளிடம் இருந்தது பழகுவதற்கான ஒரு சின்னப் பெட்டி. அதோடு சத்தத்தை உடைத்துக் கரகரப்பாக்கும் ஒரு பெடல், காலால் மிதித்து இயக்குவது. குழுவில் பேஸ் கிதார் கிடையாது. கீழ்ச்சுருதியின் பாரம் முழுவதையும் மலரின் கிதார்தான் சுமந்தாக வேண்டும். கம்பிகளை இறக்கிச் சுருதி கூட்டினால் அந்தச் சின்னப் பெட்டியில் எல்லாம் சேறாகிவிடும்.

கெயின் என்றால் சத்தத்தைக் கூட்டுவது என்றே நான் எண்ணியிருந்தேன். ஒருநாள் சோறு வடித்துக்கொண்டே அவளிடம் கேட்டேன்.

"அது வேறக்கா. நம்ம தோட்டத்து வாய்க்காலை நெனச்சுக்க. அளவாத் தண்ணி விட்டாச் சும்மா போகும். கொள்ளாத அளவுக்குத் தள்ளிவிட்டாக் கரையில மோதி மடங்குது இல்ல, அந்த மடங்கற சத்தம் எனக்கு வேணும். ஹை கெயின்னா அப்படி மூணு நாலு வாய்க்கால். ஒன்னு ரொம்பி அடுத்ததுல பாயுது, அதுவும் கொள்ளாம அடுத்ததுல பாயுது."

"அவ்வளவும் மடங்கினா இரைச்சல்தானே மிஞ்சும்?"

"மிஞ்சும். அந்த இரைச்சலுக்குள்ள நான் அடிச்ச ஒவ்வொரு அடியும் தனித்தனியாத் தெரியணும். அதுலதான் நல்ல பெட்டிக்கும் மட்டப் பெட்டிக்கும் வித்தியாசம்."

வாங்கப் பெங்களூருக்குப் போனோம். ஒன்றரை ஆண்டாக அவள் சேர்த்ததும், அவள் மறுத்தும் நான் கொடுத்ததும் கையில் இருந்தன. கடைப் பணியாளர் தமிழர். எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு என்னிடம், "பையனுக்கா மேடம்? இப்பத்தான் கத்துக்கறாரா?" என்றார்.

"எனக்குங்க" என்றாள் மலர்.

அவர் ஒரு குட்டிப் பெட்டியை எடுத்து வைத்தார். மலர் அதைத் தொடவில்லை. தன் கிதாரை உறையிலிருந்து எடுத்து, உயரத்தில் இருந்த நான்கு பெட்டிகளை வரிசையாகக் காட்டினாள். அவர் வேறு வழியின்றி இறக்கினார்.

அவள் ஏதாவது பாட்டு வாசிப்பாள், கடையே திரும்பிப் பார்க்கும் என்று நான் எதிர்பார்த்தேன். அவள் ஒன்றும் வாசிக்கவில்லை. உள்ளங்கையின் ஓரத்தைக் கம்பிமேல் வைத்து அமுக்கிக்கொண்டு, தடித்த ஒரே கம்பியை அரைமணி நேரம் அடித்தாள். அடிப்பாள், நிறுத்துவாள். நிறுத்திவிட்டுத் தலையைச் சாய்த்துக் கேட்பாள். அவள் கேட்டுக்கொண்டிருந்தது சத்தத்தை மட்டுமன்று, சத்தம் எப்படி நிற்கிறது என்பதையும்தான் என்று எனக்குப் புரிய நேரமாயிற்று.

முதல் பெட்டி ஐம்பது வகைப் பெட்டிகளின் குரலைத் தனக்குள் சேமித்து வைத்திருந்தது. "எல்லார் மாதிரியும் பேசுது. இதுக்குன்னு ஒரு தொண்டை இல்லை" என்று ஒதுக்கினாள். இரண்டாவது நூறு வாட். அதை முக்கால் பங்குக்கு மேல் திருகினால்தான் உயிர் வரும். அப்படித் திருகினால் கிடங்கின் தகரம் பறந்துவிடும். மூன்றாவதில் கம்பிமேல் கையை வைத்த பின்னும் ஓசை சற்று இழுத்தது.

நான்காவது இருபது வாட் வால்வுப் பெட்டி. இருட்டு நிறத்தில், அழகென்று சொல்லத்தக்க ஒன்றும் இல்லாதது. அதில் அவள் கம்பியை அமுக்கி அடித்தபோது என் விலா எலும்பில் யாரோ முட்டியால் தட்டியது போல் இருந்தது. கையை வைத்தாள், அந்தக் கணமே நின்றது. அறுத்து எறிந்தது போன்ற மௌனம். அப்புறம் மீண்டும் அடி. தடித்த இரைச்சலுக்குள், மணல் மூட்டையில் புதைந்த ஆணிகள் போல, ஒவ்வோர் அடியும் தனித்தனியாகத் தெரிந்தது. எனக்கே தெரிந்தது.

"இதுதான்" என்றேன், அவள் சொல்வதற்கு முன்பே.

பணியாளர் தயங்கினார். "இவ்வளவு கெயின் வீட்டுக்குத் தேவைப்படாது மேடம். லேடீஸ்னா க்ளீன் டோன்தான் நல்லா இருக்கும்."

மலர் பெட்டியின் முகப்பில் இருந்த திருகுகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டாள். "லேடீஸ் டோன் இதுல எந்த நாபுங்க? நானும் தேடிப் பாக்கறேன், எழுதக் காணோம்."

பழைய பெட்டியையும் பெடலையும் அங்கேயே கொடுத்துவிட்டோம். இனி அவை வேண்டியிருக்காது என்று நினைத்தோம்.

ஓராண்டு யோசித்தவள் அந்த வாரம் அவசரமாக வாங்கியதற்குக் காரணம் இருந்தது. பெண்களின் மெட்டல் குழுக்களுக்கென்று பெங்களூரில் ஒரு மேடை அமைக்கிறார்கள் என்று மலர் அறிந்திருந்தாள். மூன்று பாட்டுகளை வெட்டாமல் ஒட்டாமல் ஒரே மூச்சாகப் பதிவுசெய்து, குறித்த ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்ப வேண்டும். ஸ்டெல்லா இரண்டு ஆண்டாகக் கேட்டிருந்த மாறுதல் உத்தரவும் அந்த வாரம்தான் வந்திருந்தது. தூத்துக்குடியில் கணவர், திங்கட்கிழமை அவள் மலையிறங்க வேண்டும். இருவரும் சேர்ந்து வாசித்துப் பதிவுசெய்ய அந்த ஞாயிறு ஒன்றுதான் மிச்சம்.

பெட்டியை பஸ்ஸில் மலைக்குக் கொண்டுபோக நாங்கள் அடிவாரம் வரை வந்தபோது அண்ணன்தான் தடுத்தார். "எழுபது வளைவு. பஸ்ஸுல போட்டா வால்வு நொறுங்கிப் போயிரும் கண்ணு. உட்டுட்டுப் போ. சனிக்கெழம நான் மேல வாரேன், மடியில வெச்சாட்டம் கொண்டாந்து தாரேன்." எவ்வளவு கனிவான சொற்கள். மூன்று நாள் அது அவர் கடையில் இருந்தது.

அப்பாவின் உறைகள்

மலையடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டியில் எங்கள் ஒலிபெருக்கிக் கடையைத் தொடங்கியவர் அப்பா. திருமணம், சீர், கோயில் விழா, இழவு என்று சுற்றுவட்டாரத்தில் எது நடந்தாலும் எங்கள் குழாய் ஒலிபெருக்கிதான் கட்டுவார்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்கும் ஒவ்வொரு சொல்லும் விழ வேண்டும் என்பார். சத்தம் உடைந்தால் தம் மானமே உடைந்ததாக எண்ணுவார்.

பழுதுபார்ப்பதில் அவருக்கு ஒரு வழக்கம் இருந்தது. கெட்டுப்போன பாகத்தைக் கழற்றினால் அதைப் பழைய கல்யாணப் பத்திரிகை உறையில் போட்டு உரிமையாளரிடமே கொடுத்துவிடுவார். 'கெட்டது இது, மாற்றினேன்' என்பதற்குச் சாட்சி. எங்கள் ஊரில் பல வீட்டு அலமாரிகளில் கருகிய ரெசிஸ்டர் உள்ள கல்யாண உறைகள் இன்றும் கிடக்கும்.

நல்ல பாகத்தைக் கழற்ற நேர்ந்தால் வேறு முறை. ஓர் அட்டையில் கழற்றிய வரிசைப்படி டேப் போட்டு ஒட்டி, பக்கத்தில் எண் எழுதி வைப்பார். திரும்பப் பொருத்தும்போது தடுமாறக் கூடாதல்லவா. கெட்டது உறைக்கு, நல்லது அட்டைக்கு. அண்ணன் பத்து வயதில் கற்றுக்கொண்ட முதல் பாடம் அது. மலருக்கு ஈயம் பற்றவைக்கும் சால்ட்ரிங் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவர் அண்ணன். அவளுக்கு அவர் சொன்ன முதல் பாடமும் அதுவே.

அப்பா மறைந்த பின்னும் பலகையில் அவர் பெயரே இருக்கிறது. தொழில் இப்போது அவர் காலத்தைவிடப் பெரிது.

ஞாயிற்றுக்கிழமை

மறுநாள் காலை மலர் வாசிக்க மாட்டாள் என்று நினைத்தேன். அவள் எனக்கு முன்பே கிடங்குக்குப் போயிருந்தாள். பெட்டியின் பின்புறத்தைத் திறந்து பார்த்திருக்கிறாள். எங்கெங்கோ பாகங்கள் இருந்த தடம் தெரிகிறது; என்ன இருந்தது, எந்த அளவில் இருந்தது என்று தெரியவில்லை. கடைக்குத் தொலைபேசியில் கேட்டால் ஞாயிறு விடுமுறை. பெடலும் இல்லை. மலையில் யாரிடம் போய்க் கேட்பது?

"அனுப்பாம இருந்துருவோமா?" என்று கேட்டேன்.

"ஸ்டெல்லா நாளைக்குப் போயிருவா" என்றாள்.

அவர்கள் மூன்று பாட்டையும் வாசித்தார்கள். நான் கைப்பேசியை ஒரு மூட்டைமேல் சாய்த்து வைத்துப் பதிவுசெய்தேன். மலர் எழுதிய பாட்டுகள் அவை. மலைக்குடிசைகளில் அவள் கண்டவை, கேட்டவை, சகித்தவை. கொதித்துக் கத்த வேண்டிய இடமெல்லாம் அந்தப் பெட்டி தாலாட்டியது. வசைக்கடிதத்தை வானொலி அறிவிப்பாளர் வாசித்தது போல் இருந்தது.

இரண்டாவது பாட்டுக்கு முன் ஸ்டெல்லா நெற்றியைத் துடைத்துக்கொண்டாள். "கவலப்படாத மலரு. ரெண்டு பேருக்கும் சேத்து நான் அடிக்கேன்." அடித்தாள். அவளுடைய குச்சி ஒன்று முறிந்தது. அடுத்ததை எடுத்து அடித்தாள்.

திங்கட்கிழமை டிரம்ஸை ஒரு மிளகு லாரியில் ஏற்றிவிட்டு, பஸ்ஸில் ஏறியபின் ஸ்டெல்லா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்க அண்ணன் நல்லவருதாங்க்கா. ஆனா எனக்கு அவரு மூஞ்சியப் பாக்கப் புடிக்கல" என்றாள். நான் அவளைக் கடிந்துகொண்டேன். தெரியாமல் செய்துவிட்டார் என்று விளக்கினேன். அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

பதினைந்து நாளில் பெங்களூரிலிருந்து பதில் வந்தது. மரியாதையான இரண்டு வரிகள். வாசிப்பு நேர்த்தியாக இருக்கிறதாம். ஆனால் அவர்கள் தேடுவது மெட்டல் குழுக்களையாம்.

மலர் அதை எனக்கு வாசித்துக் காட்டிவிட்டு மீட்டர் கணக்கெடுக்கக் கிளம்பிப்போனாள். அதன்பின் கிடங்குப் பக்கம் போகவில்லை. கிதாரைப் பீரோவின் மேல் படுக்கவைத்துவிட்டாள். சாப்பிடும்போது முன்பெல்லாம் அவள் விரல்கள் தட்டின் விளிம்பில் தாளம் போட்டுக்கொண்டே இருக்கும். அதுவும் நின்றுபோயிற்று. அவளிடம் நான் கவனித்த மாற்றங்களில் என்னால் பொறுக்க முடியாதது அதுதான்.

அட்டை

அப்பாவின் திதிக்கு நான் மட்டும் ஊருக்குப் போனேன். மலர் வேலை இருப்பதாகச் சொல்லிவிட்டாள். படையலுக்கு முன் அம்மா, "கடையில டார்ச்சு லைட்டு இருக்குது, எடுத்தா சாமி" என்று அனுப்பினார். அண்ணன் தோட்டத்தில் இருந்தார். மேசை இழுப்பறையைத் திறந்தேன்.

டார்ச்சுக்கு அடியில் ஓர் அட்டை இருந்தது. சட்டைப் பெட்டிக்குள் வைத்து வரும் அட்டை. அதில் ஏழு பாகங்கள் வரிசையாக டேப் போட்டு ஒட்டியிருந்தன. ஒவ்வொன்றின் அருகிலும் எண். எந்த முனை எந்தப் பக்கம் என்று அம்புக்குறி. தலைப்பில் அண்ணனின் அழகான கையெழுத்தில் 'மலர் கிடார் பெட்டி'.

உறை இல்லை. அட்டை.

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். அவசரப்பட்டு எதையும் தீர்மானிக்காதவள் என்று பெயர் எடுத்திருக்கிறேன். அந்தப் பெயருக்கு ஏற்ப, வேறு விளக்கம் உண்டா என்று ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தேன். ஒன்றும் நிற்கவில்லை. அவற்றைக் கழற்றும்போதே அவை நல்லவை என்று அவருக்குத் தெரியும். தூக்கிப் போட்டுவிட்டேன் என்று தங்கையின் முகத்தைப் பார்த்துச் சொன்னபோதும் தெரியும்.

அப்போதுதான் இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. சில ஆண்டுகளுக்கு முன் சேலத்து ஆர்க்கெஸ்ட்ரா இளைஞன் ஒருவன் கரகரப்பு போய்விட்ட தன் கிதார் பெட்டியைக் கொண்டுவந்தான். அண்ணன் இரண்டு நாள் அதோடு மல்லுக்கட்டி, கடைசியில் கரகரப்பு திரும்பியதும், "இப்பத்தான் சரியாக் கிழியுது" என்று தொடையில் தட்டிக்கொண்டார். நான் அருகில் இருந்தேன்.

அண்ணன் தோட்டத்திலிருந்து வந்து கையைத் துடைத்துக்கொண்டே உள்ளே நுழைந்தார். அட்டை மேசைமேல் இருந்தது. அவர் பார்த்தார். நான் பார்ப்பதையும் பார்த்தார்.

"தெரிஞ்சேதான் பண்ணுனீங்களாண்ணா?"

அவர் பொய் சொல்லவில்லை. அதற்கு அவர் என்னைச் சிறிதேனும் மதித்திருக்க வேண்டும். "ஆமா" என்றார்.

"ஏனுங்ணா?"

"அப்பா பேரு போட்ட போர்டுக்குக் கீழ உக்காந்து தொழில் பண்றேன். மலை முச்சூடும் நம்ம செட்டுதான் கட்டறோம். சவுண்டுக்காரன் தங்கச்சி மலைமேல ஒரு கிட்டங்கியில உக்காந்து பெட்டியப் பேயாட்டம் கத்த உட்டுட்டு இருக்கறாளாமான்னு எங்கிட்டயே கேக்கறானுங்க."

"சேலத்துப் பையனுக்குக் கத்தற மாதிரிதான சரி பண்ணிக் குடுத்தீங்க?"

"அவன் ஆம்பளப் பையன். அவனுக்கு அது தொழிலு."

இதைச் சொல்ல அவருக்கு ஒரு நொடியும் ஆகவில்லை.

பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். "நான் என்ன ஒடச்சா போட்டேன்? நம்பர் போட்டு வெச்சிருக்கறேன் பாரு. அவளுக்கு ஒரு எடம் அமைஞ்சதுக்கப்புறம் மறுக்கா மாட்டிக் குடுத்துருவேன். உன்னைத்தான் இப்படியே உட்டுட்டோம். அவளாச்சும் ஒரு ஊட்டுல போயிப் பொழைக்கட்டும்னு பாத்தேன்."

எனக்கு நாற்பத்துமூன்று வயது. அதுவரை யாரும் என்னை விட்டுவிட்டதாக நான் நினைத்திருக்கவில்லை. பிடித்த வேலை, பிடித்த புத்தகங்கள், பிடித்த மலை என்று நானாக அமைத்துக்கொண்ட வாழ்வு, என் அண்ணனின் கணக்கில் ஒரு மறதி.

"அந்த ஞாயித்துக்கெழம உங்களுக்குத் தெரியுமாண்ணா? அன்னிக்கு அனுப்பியாகணும்னு அவ சொன்னாளா?"

அவர் சுவரைப் பார்த்தார். "சொன்னா" என்றார்.

நான் அட்டையை எடுத்துக்கொண்டேன். அவர் தடுக்கவில்லை.

பதினோரு நாள்

இனி வருவது என் குற்றம். அண்ணனைப் பற்றி எழுதிவிட்டு இதை விடுவது முறையாகாது.

கிளம்பும்போது அம்மா வாசலில் என் பையைப் பற்றிக்கொண்டார். அவருக்கு எப்படியோ தெரிந்துவிட்டிருந்தது. "சின்னவகிட்டச் சொல்லாத சாமி. அண்ணன் தங்கச்சி ஒறவே அத்துப் போயிரும். தெரியாமச் செஞ்சதாவே இருந்துட்டுப் போகட்டும்."

நான் பதினோரு நாள் சொல்லவில்லை. அட்டை என் மருந்துப் பதிவேடுகளுக்கு நடுவில் இருந்தது. சினத்தை அடக்குவதைப் புகழும் நூல்களை நிறையப் படித்திருக்கிறேன். ஆண்டுக்கணக்கில் அவற்றின்படி நடக்க முயன்றும் இருக்கிறேன். அந்தப் பதினோரு நாளில் ஒன்று உறுத்தியது: எங்கள் வீட்டில் அந்த அறிவுரையைக் கேட்டு நடந்தவர்கள் எல்லோரும் பெண்கள். பன்னிரண்டாம் நாள் காலை, காபிக்குப் பதிலாக அட்டையை மலரின் முன் வைத்தேன்.

அவள் அதை நெடுநேரம் பார்த்தாள். எண்களைப் பார்த்தாள். அம்புக்குறிகளைப் பார்த்தாள்.

"தூக்கிப் போட்டுட்டேன்னு சொன்னாரு" என்றாள்.

"ஆமா."

"எத்தனை நாளா உங்கிட்ட இருக்குது?"

சொன்னேன். அவள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அது எனக்குக் கிடைக்க வேண்டியதுதான்.

மூன்றாம் நாள் மதியம் என்னைக் கிடங்குக்கு வரச் சொன்னாள். பெட்டியைத் திறந்து, பெரிய கண்டென்சரில் தேங்கிய மின்சாரம் இறங்கும்வரை பொறுமையாகக் காத்திருந்தாள். அண்ணன் கற்றுக்கொடுத்த எச்சரிக்கை அது. அவர் போட்டிருந்த ஒயரை வெட்டினாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று ஏழையும் அவற்றின் இடத்தில் பற்றவைத்தாள். எண்களில் ஒரு பிழை இல்லை. அவ்வளவு சிறந்த வேலைக்காரர்.

வால்வுகள் சூடேறின. மலர் கம்பியை அமுக்கி அடித்தாள். சாக்குகளிலிருந்து தூசி எழுந்தது. என் பற்கள் ஒன்றோடொன்று தட்டின. அவள் கையை வைத்தாள், சுத்தமாக நின்றது. மறுபடி அடித்தாள். தாளம் கொடுக்க எதிரில் யாரும் இல்லாததால், ஒவ்வொரு நான்கு அடிக்கும் ஒரு முறை தலையைத் தானே அசைத்து எண்ணிக்கொண்டு, அந்த முதல் பாட்டை முழுதாக வாசித்தாள்.

அது எனக்கு இனிமையாக இருந்தது என்று எழுதினால் பொய். அது இனிமையாக இருக்கவே கூடாது. எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஒன்று, உரிய அளவில், உரிய முரட்டுத்தனத்தோடு, எட்டு அடி தூரத்தில் சொல்லப்பட்டுக்கொண்டிருந்தது. நான் அசையாமல் கேட்டேன்.

இப்போது

அண்ணனிடமிருந்து அம்மா வழியாக ஒருமுறை சொல் வந்தது. பெட்டியை இறக்கி அனுப்பினால் தாமே சரிசெய்து தருவதாக. "அதுல ஒன்னும் கோளாறு இல்லைன்னு சொல்லிரு அக்கா" என்றாள் மலர். சொல்லிவிட்டேன்.

அண்ணன் இந்த இதழை வாங்குகிறவர். தொடரின் ஒவ்வொரு வாரத்தையும் படித்து, நடந்ததை நன்றாக எழுதுகிறாள் என்று மற்றவர்களிடம் சொல்வதாகக் கேள்விப்படுகிறேன். ஆகவே அவருக்கு நேராகவே எழுதுகிறேன். அண்ணா, அடுத்த பந்தியில் யாராவது அந்தக் கதையைச் சொன்னால் நீங்கள் சிரிக்க வேண்டாம். 'தெரிந்துதான் செய்தேன்' என்று சொல்லுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் நான் சொல்வேன். இனி இலையை மூடிவிட்டு எழுந்து வரமாட்டேன்.

அந்தப் பெங்களூர் மேடை அதன்பின் நடக்கவில்லை என்று கேள்வி. ஸ்டெல்லாவுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. டிரம்ஸ் அவள் மாமியார் வீட்டு மாடியில் தார்ப்பாய்க்குள் இருக்கிறது. புது டிரம்ஸ்காரர் எவரும் இன்னும் அமையவில்லை. மலர் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள். பொங்கலுக்கு அவள் ஊருக்கு இறங்குவதில்லை, நானும் இறங்குவதில்லை.

அம்மாவும் அண்ணனும் கீழே இருக்கிறார்கள். மலைமேல் நாங்கள் இருவர் இருக்கிறோம்.